பொண்ணு பேசுறது புரிய 48,000 ரூபாய்க்கு க்ளவுஸ் வாங்கலாமா?

கேள்வி: மேடம், நான் கரூர் பக்கம் ஒரு டெக்ஸ்டைல் யூனிட்ல தையல் வேலை பாக்குறேன். என் பொண்ணுக்கு பதிமூணு வயசு, பொறந்ததுல இருந்தே காது கேக்காது. காது கேளாதோர் ஸ்கூல்ல ஹாஸ்டல்ல தங்கி எட்டாவது படிக்கிறா. லீவுக்கு வந்தா ஃப்ரெண்ட்ஸ்கூட வீடியோ கால்ல மணிக்கணக்கா கையாலயே பேசி சிரிக்கிறா, என்கிட்ட மட்டும் சாப்பாடு, தண்ணி, போலாம், வேணாம், அவ்ளோதான். சின்ன வயசுல சைகை காட்டினா பேச்சு வராதுன்னு சொன்னாங்க, அதனால நானும் கத்துக்கல. பையன் ஈ.சி.இ மூணாவது வருஷம் படிக்கிறான், அவன் ஒரு வீடியோ காட்டினான், க்ளவுஸ் மாட்டிக்கிட்டு சைகை பண்ணா போன்ல பேச்சா வருது. ஒரு கம்பெனில 48,000 ரூபாய் சொல்றாங்க, 5,000 அட்வான்ஸ் கட்டணுமாம். சீட்டு எடுத்து வாங்கலாம்னு இருக்கேன். வாங்கினா என் பொண்ணு என்ன சொல்றான்னு எனக்கு புரியுமா? பையன் நானே செஞ்சு தர்றேன்ங்கிறான், அது நடக்குமா?

பதில்:

வணக்கம் அக்கா. முதல்ல பணத்துக்கு பதில் சொல்லிடறேன். அட்வான்ஸ் கட்டாதீங்க, சீட்டையும் இதுக்காக எடுக்காதீங்க. அந்த க்ளவுஸ மாட்டினா உங்க பொண்ணு இப்போ உங்ககிட்ட காட்டற அதே சாப்பாடு, தண்ணி, போலாம், வேணாம்ங்கிறதுதான் போன்ல குரலா வரும், அது உங்களுக்கு ஏற்கனவே தெரியும். வீடியோ கால்ல அவ சிரிச்சு சிரிச்சு பேசுற பேச்சு இருக்கே, நீங்க ஏங்குறது அதுக்குத்தானே, அது இன்னைக்கு கடையில கிடைக்கிற எந்த க்ளவுஸ்லயும் வராது. நான் காது கேளாத பிள்ளைங்களுக்கு சிறப்பு ஆசிரியரா இருக்கேன், கோர்ட்டு, ஆஸ்பத்திரின்னு சைகை மொழி இன்டர்பிரட்டராவும் போறேன், இந்த மாதிரி கேள்வி பெத்தவங்ககிட்ட இருந்து அடிக்கடி வருது, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன், பையனையும் பக்கத்துல உக்கார வச்சு படிங்க.

அந்த க்ளவுஸ் எப்படி வேலை செய்யுதுன்னு பாப்போம். ஒவ்வொரு விரல் மேலயும் ஒரு வளையற சென்சார் இருக்கும், விரல் எவ்வளவு மடங்குதுன்னு அது சொல்லும். மணிக்கட்டு பக்கம் ஒரு சின்ன சிப்பு, கை எந்தப் பக்கம் திரும்புது, எவ்வளவு வேகமா அசையுதுன்னு அது பாக்கும். இந்த நம்பரெல்லாம் ப்ளூடூத்ல போனுக்குப் போகும், போன்ல முன்னாடியே பதிவு பண்ணி வச்சிருக்கிற மாதிரிகளோட ஒப்பிட்டுப் பாத்து, இது ரொம்ப ஒத்துப் போகுதுன்னு தோணுற வார்த்தைய குரல்ல சொல்லும். அதாவது அதுக்குள்ள யாரோ இருபது சைகை போட்டு வச்சிருந்தா இருபதுதான், நூறு போட்டிருந்தா நூறுதான், உங்க பொண்ணு அதுல இல்லாத ஒரு சைகைய பண்ணினா ஒண்ணு அது சும்மா இருக்கும், இல்ல பக்கத்துல இருக்கிற வேற எதையாவது தப்பா சொல்லும். வீடியோல தப்பு வராததுக்குக் காரணம், அந்த இருபது வார்த்தைய மட்டும், ஒவ்வொண்ணா, நடுவுல நிறுத்தி நிறுத்தி காட்டறாங்க. உங்க பொண்ணு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட அப்படியா பேசுறா? நீங்களே பாத்திருப்பீங்க, ஒரு சைகை முடியறதுக்குள்ள அடுத்தது ஆரம்பிச்சிடும்.

இது புதுசா வந்த டெக்னாலஜின்னு உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க, ஆனா இதுக்கு முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல வயசாச்சு. அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டில ஜேம்ஸ் கிரேமர், லாரி லைஃபர்னு ரெண்டு பேர் 1980கள் கடைசியிலயே 'பேசும் க்ளவுஸ்' செஞ்சாங்க, விரலால காட்டற இங்கிலீஷ் எழுத்த அது குரலா மாத்துச்சு. 2001ல ரயன் பேட்டர்சன்னு கொலராடோவுல ஒரு ஸ்கூல் பையன் கோல்ஃப் க்ளவுஸ்ல சென்சார் வச்சு எழுத்த ஒரு சின்ன ஸ்க்ரீன்ல காட்ட வச்சான், பெரிய பரிசு கிடைச்சுது. 2012ல உக்ரைன் ஸ்டூடன்ட்ஸ் 'எனேபிள் டாக்'னு ஒண்ணு செஞ்சு மைக்ரோசாஃப்ட் நடத்தின இமாஜின் கப்ங்கிற ஸ்டூடன்ட்ஸ் போட்டில முதல் பரிசு வாங்கினாங்க. 2016ல வாஷிங்டன் யுனிவர்சிட்டில ரெண்டு ஸ்டூடன்ட்ஸ் 'சைன்அலவுட்'னு செஞ்சு 10,000 டாலர் பரிசு வாங்கினாங்க. கென்யாவுல ராய் அலெலான்னு ஒரு இளைஞர், அவர் குடும்பத்துல ஒரு சின்னப் பொண்ணுக்கு காது கேக்காதுங்கிறதுக்காகவே ஒண்ணு செஞ்சார், உங்க பையன் மாதிரியேதான், பாசத்துல இருந்து வந்தது. 2020ல அமெரிக்காவுல யூ.சி.எல்.ஏ யுனிவர்சிட்டில ஜுன் சென் குழு செஞ்சது உலகம் பூரா நியூஸ்ல வந்துச்சு. நம்ம ஊர் இன்ஜினியரிங் காலேஜ்லயும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா வருஷா வருஷம் யாராவது இத செய்யாம இருக்கிறதில்ல. இத்தனை பேர் செஞ்சும், இத்தனை பரிசு வாங்கியும், காது கேளாதவங்க யாராவது இத தினமும் மாட்டிக்கிட்டு வேலைக்கோ ஸ்கூலுக்கோ போய் நீங்க பாத்திருக்கீங்களா? நான் பாத்ததில்ல. செஞ்சவங்க யாரும் கெட்டிக்காரங்க இல்லன்னு சொல்ல வரல. சைகை மொழி முழுக்க கையில இருக்குன்னு நினைச்சு ஆரம்பிச்சிடறாங்க, சிக்கல் அங்கயே தொடங்கிடுது.

இத புரிய வைக்கிறதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். அமெரிக்க சைகை மொழியில அஞ்சு விரலையும் விரிச்சு கட்டைவிரல் நுனிய நெத்தியில வச்சா அப்பா, அதே கை, அதே விரல், தாடையில வச்சா அம்மா. விரல் மடங்கறது ரெண்டுக்கும் ஒண்ணுதான், மாறுறது இடம் மட்டும்தான். க்ளவுஸ்ல இருக்கிற சென்சாருக்கு நெத்தி எங்க இருக்கு, தாடை எங்க இருக்குன்னு தெரியாது, அப்போ அது அப்பாவையும் அம்மாவையும் எப்படி பிரிக்கும்?

அடுத்தது முகம். நம்ம இந்திய சைகை மொழியில 'சாப்பிட்டாச்சு'ங்கிறதுக்கும் 'சாப்பிட்டாச்சா?'ங்கிறதுக்கும் கையில ஒரே சைகைதான் இருக்கும், கேள்வியா இருந்தா புருவம் மேல போகும், தலை லேசா முன்னாடி வரும். 'இல்ல'ன்னு சொல்லும்போது தலையாட்டலும் சேர்ந்துதான் வரும். கொஞ்சம் பெருசு, ரொம்ப ரொம்ப பெருசு, கஷ்டப்பட்டு தூக்கினேன், ஈஸியா தூக்கினேன், இந்த வித்தியாசமெல்லாம் கன்னத்துலயும் வாயிலயும் கண்ணுலயும்தான் தெரியும். யூ.சி.எல்.ஏ குழுவுக்கு இது தெரிஞ்சுதான் புருவத்துக்கு நடுவுலயும் வாய் ஓரத்துலயும் ஒட்டற மாதிரி சென்சார் வச்சுப் பாத்தாங்க. யோசிச்சுப் பாருங்க, பதிமூணு வயசுப் பொண்ணு முகத்துல ரெண்டு ஸ்டிக்கர், கையில க்ளவுஸ், இப்படியே கரூர் வெயில்ல வெளியில போகணும், எதிர்ல இருக்கிறவங்களுக்கு சைகை தெரியலைங்கிறதுக்காக எல்லா சுமையும் அவ உடம்பு மேல ஏறுது. அந்த ஆராய்ச்சியில 98.63 சதவீதம் சரியா கண்டுபிடிச்சுதுன்னு போட்டிருக்கும், உங்க பையன் அத உங்ககிட்ட காட்டியிருக்கலாம். பதிவு பண்ணி வச்ச 660 சைகை மாதிரிகளுக்கு லேப்ல வந்த கணக்கு அது, ஓடற பேச்சுக்கு வந்த கணக்கு இல்ல. மாட்டிப் பாத்தவங்க நாலு பேர். அதுவும் அமெரிக்க சைகை மொழி.

அப்புறம் இடம். எனக்கு சைகை மொழியில ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான், கொஞ்சம் நிதானமா சொல்றேன். உங்க பொண்ணு 'டீச்சர் ஃப்ரெண்டுக்கு நோட்டு குடுத்தாங்க, ஃப்ரெண்டு அத எனக்கு குடுத்தா'ன்னு சொல்றான்னு வச்சுக்கோங்க. முதல்ல தன் இடது பக்கம் காத்துல ஒரு இடத்த காட்டி டீச்சர்னு வைப்பா, வலது பக்கம் ஒரு இடத்துல ஃப்ரெண்ட வைப்பா. அதுக்கப்புறம் 'குடு'ங்கிற சைகைய இடதுல இருந்து வலதுக்கு கொண்டு போவா, அடுத்து வலதுல இருந்து தன் நெஞ்சுக்கு கொண்டு வருவா. முடிஞ்சுது, யார் யாருக்கு குடுத்தாங்கன்னு கை போன பாதையே சொல்லிடுச்சு, பேர திரும்ப சொல்லவே தேவையில்ல. அஞ்சு நிமிஷம் கழிச்சு இடது பக்கத்த சும்மா ஒரு பார்வை பாத்தாகூட அது டீச்சர்தான். வீடியோ கால்ல எதிர்ல இருக்கிற பொண்ணுக்கு இது மொத்தமும் மனசுல நிக்குது. க்ளவுஸ் என்ன சொல்லும்? 'டீச்சர், ஃப்ரெண்டு, நோட்டு, குடு, குடு'. யார் குடுத்தது, யாருக்குக் குடுத்தது, ஒண்ணும் இருக்காது. மொழியோட இலக்கணமே அந்த இடத்துலதான் இருக்கு, அது போயிடுச்சுன்னா மிச்சம் இருக்கிறது வார்த்தைக் குவியல். 1960ல வில்லியம் ஸ்டோக்கின்னு ஒரு அமெரிக்க பேராசிரியர் சைகை மொழியையும் மத்த மொழி மாதிரியே பிரிச்சு ஆராயலாம்னு எழுதினார், கையோட வடிவம், வைக்கிற இடம், அசைவுன்னு பிரிச்சுக் காட்டினார், பின்னாடி வந்தவங்க உள்ளங்கை பாக்கிற திசையையும் முகத்தையும் சேர்த்தாங்க. க்ளவுஸ் இதுல ஒழுங்கா பாக்கிறது கை வடிவத்த, கொஞ்சம் அசைவ.

2016ல அந்த சைன்அலவுட் க்ளவுஸ் பேர் வாங்கினப்போ, அதே யுனிவர்சிட்டில சைகை மொழி சொல்லித்தர்றவங்களும் எமிலி பெண்டர்ங்கிற மொழியியல் பேராசிரியரும் சேர்ந்து ஒரு திறந்த மடல் எழுதினாங்க, இது மொழிபெயர்ப்பே இல்ல, காது கேளாதவங்கள முதல்லயே கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்னு. எனக்கும் அதே வருத்தம்தான். உங்ககிட்ட 48,000 கேக்கிற கம்பெனியில காது கேளாதவங்க ஒருத்தராவது வேலை பாக்குறாங்களான்னு கேட்டுப் பாருங்க.

இன்னொண்ணும் கேளுங்க, இது எந்த சைகை மொழிக்கு செஞ்சதுன்னு. அமெரிக்க சைகை மொழியில இங்கிலீஷ் எழுத்துக்கள ஒரு கையால காட்டுவாங்க, நம்ம இந்திய சைகை மொழியில ரெண்டு கையாலயும் காட்டறோம், ஏ, ஈ, ஐ, ஓ, யூ அஞ்சும் ஒரு கையோட அஞ்சு விரல் நுனிய இன்னொரு கை விரலால தொட்டுக் காட்டறது. வலது கைக்கு மட்டும் க்ளவுஸ் குடுத்தா இதுல பாதி அதுக்குத் தெரியவே தெரியாது. வீடியோல குரல் இங்கிலீஷ்ல வந்துச்சா தமிழ்ல வந்துச்சான்னும் பாருங்க, உங்களுக்கு இங்கிலீஷ்ல 'ஐ வான்ட் வாட்டர்'னு போன் சொன்னா என்ன புண்ணியம். அப்படியே அவங்க நேர்ல வந்து காட்டறதா இருந்தா அவங்க ஆள் மாட்டிக் காட்ட வேணாம், உங்க பொண்ணு கையில மாட்டி, அவ இஷ்டத்துக்கு ஸ்கூல்ல நேத்து நடந்த ஒரு விஷயத்த சொல்லட்டும், போன் என்ன சொல்லுதுன்னு பாத்துடலாம். ஒத்துக்க மாட்டாங்க.

இதெல்லாம் விட பெரிய விஷயம் ஒண்ணு உங்க லெட்டர்லயே இருக்கு. க்ளவுஸ் உங்க பொண்ணு சொல்றத உங்களுக்கு சொல்லுதுன்னே வச்சுக்கோங்க. நீங்க பதில் எப்படி சொல்லுவீங்க? அவளுக்குத்தான் காது கேக்காதே. பரீட்சை எப்படி எழுதின, ஏன் முகம் வாடியிருக்கு, மாசா மாசம் வயித்து வலி வருதே எவ்வளவு நாள் இருக்கு, இதெல்லாம் நீங்க எப்படி கேப்பீங்க? பதிமூணு வயசு அக்கா, இனிமேதான் அம்மாகிட்ட பேச வேண்டியது நிறைய இருக்கு.

அதனால, சைகை காட்டினா பேச்சு வராதுன்னு உங்களுக்கு சொன்னாங்களே, அத முதல்ல மனசுல இருந்து எடுத்துடுங்க. உங்க தப்பு இல்ல, உங்களுக்கு மட்டும் சொன்னதும் இல்ல. 1880ல இத்தாலியில மிலான்ல கூடின மாநாட்டுல, காது கேளாத பிள்ளைங்களுக்கு பேச்சுப் பயிற்சிதான், சைகை கூடாதுன்னு தீர்மானம் போட்டாங்க, ஓட்டு போட்டவங்க கிட்டத்தட்ட எல்லாருமே காது கேக்கிறவங்க. அது உலகம் பூரா பரவுச்சு, 2010ல கனடாவுல வான்கூவர்ல அதே மாநாடு கூடினப்பதான் அந்தத் தீர்மானத்த தப்புன்னு முறையா தள்ளி வச்சாங்க. பேச்சு வர்றதும் வராததும் எவ்வளவு கேக்குது, எந்த வயசுல காது மெஷினோ ஆபரேஷன் பண்ணி வைக்கிற காக்ளியரோ வச்சாங்க, எவ்வளவு பயிற்சி குடுத்தாங்கங்கிறத பொறுத்தது. சைகை அத தடுக்காது. ஒரு மொழியும் முழுசா இல்லாம சின்ன வயசு ஓடிப்போறதுதான் பிள்ளைக்கு ஆபத்து. உங்க பொண்ணுக்கு ஹாஸ்டல்ல ஒரு மொழி கிடைச்சிருக்கு, அவ சிரிச்சுப் பேசுறாளே அதுதான் அதுக்கு சாட்சி, அதுக்கு நீங்க சந்தோஷப்படணும். அந்த மொழி உங்க வீட்டுக்குள்ள வரல, அவ்வளவுதான் குறை.

வயசாச்சு, எனக்கு வருமான்னு நினைப்பீங்க. வரும். நீங்க தமிழ் பேசுறவங்க, அதுவே பாதி உதவி. இந்திய சைகை மொழியில வாக்கியம் தமிழ் மாதிரியே போகும், 'நான் சாதம் சாப்பிட்டேன்'ங்கிற வரிசைதான், செயல் கடைசியில. 'உன் பேர் என்ன'ன்னு நாம கேக்கிற மாதிரியே 'என்ன'ங்கிறது கடைசியில வரும். காலத்த முதல்ல சொல்லிடுவாங்க, 'நேத்து'ன்னு ஆரம்பிச்சா அதுக்கப்புறம் எல்லாம் நேத்து நடந்தது. தையல் வேலை பாக்கிற கை வேற உங்களுக்கு, விரல் நல்லா பழகியிருக்கும்.

டீச்சர் உங்க வீட்டுலயே இருக்கா. இந்த லீவுல ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவள உக்கார வச்சு, வீட்டு ஆளுங்க, சொந்தக்காரங்க பேர், சமையல் சாமான், உடம்பு வலி, கோவம், பயம், வெக்கம், இதுக்கெல்லாம் சைகை கேளுங்க. தப்பா காட்டினா சிரிப்பா, சிரிக்கட்டும், கைய பிடிச்சு திருத்துவா. அவ ஸ்கூல் சைகையதான் கத்துக்கணும், ஏன்னா ஊருக்கு ஊரு கொஞ்சம் மாறும், சென்னையில ஒண்ணு, டெல்லியில ஒண்ணுன்னு இருக்கும். இதுக்கு துணையா டெல்லியில இருக்கிற இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம், மத்திய அரசோடது, 2021ல பத்தாயிரம் சொல்லுக்கு வீடியோ அகராதி முடிச்சு யூடியூப்ல இலவசமா போட்டிருக்காங்க, 'சைன் லேர்ன்'னு ஆப்பும் விட்டிருக்காங்க. அதுல தேடறது உங்களுக்கு சிரமமா இருக்கலாம், அதனால தேடிக் குடுக்கிற வேலைய பையன்கிட்ட குடுங்க. ஸ்கூல்ல பெத்தவங்களுக்கு க்ளாஸ் எடுப்பீங்களான்னு கேளுங்க, இல்லைன்னா நாலு அம்மா சேர்ந்து கேளுங்க, அப்போ மறுக்க மாட்டாங்க. கலெக்டர் ஆபீஸ்ல மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல உங்க மாவட்டத்துல காது கேளாதோர் சங்கம் எங்க கூடுதுன்னு விசாரிங்க, அங்க பெரியவங்கள பாத்தா உங்களுக்கும் மனசு தெளியும், கல்யாணம் பண்ணி, வேலை பாத்து, வண்டி ஓட்டி, வீடு கட்டி இருக்கிறவங்கள உங்க பொண்ணும் பாக்கணும்.

நீங்க கத்துக்கிற வரைக்கும் என்ன பண்றது? இப்பவே காசில்லாம ஒண்ணு இருக்கு. கூகுள் 2019ல 'லைவ் டிரான்ஸ்கிரைப்'னு ஒரு ஆப் விட்டாங்க, காது கேளாதவங்களுக்கான கேலடெட் யுனிவர்சிட்டியோட சேர்ந்து செஞ்சது. ஆண்ட்ராய்டு போன்ல போட்டு தமிழ்னு வச்சுட்டு நீங்க பேசினா எழுத்தா ஓடும், அவ படிச்சுட்டு டைப் பண்ணி பதில் சொல்லலாம். ஃபேன் சத்தம், நாலு பேர் ஒரே நேரத்துல பேசுறதுன்னா குழம்பும், கொங்குப் பேச்சுல சில வார்த்தை தப்பா விழும், கிட்ட வச்சு நிறுத்திப் பேசுங்க. அவ தமிழ் வாசிப்பு எப்படி இருக்குன்னு முதல்ல பாருங்க, காது கேளாத நிறைய பிள்ளைங்களுக்கு எழுத்துத் தமிழ் ரெண்டாவது மொழி மாதிரி, நீளமான வாக்கியம் சிரமம், அதனால சின்ன சின்னதா பேசுங்க.

அவசரத்துக்கு, ஆஸ்பத்திரி மாதிரி இடத்துல, இன்டர்பிரட்டர் கேக்கலாம், தயங்க வேணாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துலயே தகவல் தொடர்புங்கிறதுல சைகை மொழியும் சேருது. டெல்லி மையம் 2023 செப்டம்பர்ல வாட்ஸ்அப் வீடியோ கால் வழியா இன்டர்பிரட்டர் சேவை ஆரம்பிச்சாங்க, அவங்க வெப்சைட்ல பாத்து நம்பர வீட்டுல எல்லார் போன்லயும் போட்டு வைங்க. காது கேளாதவங்க வாழ்க்கைய நிஜமா மாத்தின டெக்னாலஜி எதுன்னு என்னைக் கேட்டா இந்த வீடியோ கால்தான்னு சொல்லுவேன், அவங்களுக்குன்னு யாரும் செஞ்சது இல்ல, ஆனா டேட்டா விலை குறைஞ்ச உடனே அவங்களே எடுத்துக்கிட்டாங்க. உங்க பொண்ணு மணிக்கணக்கா போன்ல இருக்கான்னு திட்டாதீங்க, அது அவளுக்கு தெருவுல ஃப்ரெண்ட்ஸ்கூட நிக்கிற நேரம். சீட்டுல ஒரு சின்னப் பகுதி செலவு பண்ணணும்னு ஆசையா இருந்தா கேமரா நல்லா இருக்கிற ஒரு போனும் அத நிக்க வைக்க ஒரு ஸ்டாண்டும் வாங்கிக் குடுங்க, ரெண்டு கையும் ஃப்ரீயா இருந்தாத்தான் அவளால பேச முடியும்.

தம்பி, இனி உனக்கு. நீ செய்யறேன்னு சொன்னது பெரிய மனசு, அத விட்டுடாத, பாதைய மட்டும் மாத்திக்கோ. க்ளவுஸ விட்டு கேமரா பக்கம் வா. சாதாரண போன் கேமராவுலயே கூகுளோட மீடியாபைப்ங்கிற சாஃப்ட்வேர் வச்சு ஒவ்வொரு கையிலயும் 21 புள்ளிய பிடிக்கலாம், முகமும் உடம்பும் கூட கிடைக்கும், க்ளவுஸுக்குத் தெரியாத நெத்தியும் தாடையும் அதுக்குத் தெரியும். ஐ.ஐ.டி மெட்ராஸ் ஆளுங்ககிட்ட இருந்து 2020ல 'இன்க்ளூட்'னு ஒரு டேட்டாசெட் வந்துச்சு, 263 சொல், 4,287 வீடியோ, சென்னை அடையாறு செயின்ட் லூயிஸ் காது கேளாதோர் ஸ்கூல்ல எடுத்தது. அதுவும் தனித்தனி சொல்தான், ஓடற வாக்கியத்த மொழிபெயர்க்கிறது உலகத்துல எல்லா பெரிய லேப்லயும் இன்னும் முடியாத வேலை, ஆனா கத்துக்க நல்ல இடம். மாட்டிக்கிற மாதிரிதான் செய்யணும்னா 2025ல கார்னெல் யுனிவர்சிட்டில வந்த 'ஸ்பெல்ரிங்'க படிச்சுப் பாரு, கட்டைவிரல்ல ஒரு மோதிரம், ஒலி அலைய அனுப்பி விரல் அசைவ கண்டுபிடிக்குது. அவங்க சைகை மொழி முழுசையும் பெயர்க்கிறோம்னு சொல்லல, விரலால எழுத்துக் காட்டறத மட்டும் எடுத்துக்கிட்டாங்க, அதுலயே 82ல இருந்து 92 சதவீதம்தான். ஒரு சின்ன வேலைய எடுத்து அத நேர்மையா சொன்னாங்க பாரு, அந்த அடக்கம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

எதுவா இருந்தாலும் முதல்ல தங்கச்சிகிட்ட கேளு, உனக்கு என்ன வேணும்னு. நான் பழகின பிள்ளைங்ககிட்ட கேட்டா யாரும் எனக்கு குரல் வேணும்னு சொன்னதில்ல. கதவு தட்டினா தெரியல, மாடியில இருந்தா அம்மா கூப்பிடறது தெரியல, குக்கர் விசில் எண்ண முடியல, இதுதான் வரும். கையில கட்டற ஒரு சின்ன பட்டை, அதுல வைப்ரேட்டர், சமையக்கட்டுல ஒரு மைக், வாசல்ல ஒரு ஸ்விட்ச், விசிலுக்கு ஒரு அதிர்வு, வாசலுக்கு ரெண்டு, அம்மா கூப்பிட்டா மூணு. மூணாவது வருஷ ஈ.சி.இ பையனுக்கு இது ஒரு லீவு வேலை, செலவும் ரெண்டாயிரம் தாண்டாது. எந்த அதிர்வு எதுக்குன்னு அவளே முடிவு பண்ணட்டும், பட்டை கலரும் அவ இஷ்டம்.

அக்கா, கம்பெனிக்காரங்க ஆஃபர் முடியப் போகுதுன்னு மறுபடி போன் பண்ணுவாங்க. மேல சொன்ன கேள்விய கேளுங்க, எந்த சைகை மொழி, எத்தனை சைகை, ரெண்டு கையா, தமிழ்ல பேசுமா, என் பொண்ணு மாட்டிப் பாக்கலாமான்னு. பதில எழுத்துல அனுப்பச் சொல்லுங்க, வாயால சொன்னா நம்பாதீங்க.